செயலாளரின் ஆண்டறிக்கை: மாணவர் தகவல் பாதுகாப்புக்கான பெற்றோர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், கேட்க வேண்டும் என்று தாமாகவே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது, தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நாம் அதிகம் மல்லுக்கட்டியது சேர்க்கைப் படிவத்தோடு. குடும்ப வருமானம், பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்களா, குழந்தை எப்போதாவது மனநல ஆலோசனை பெற்றதா என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் வைத்தோம். இது எதற்கு? யார் பார்ப்பார்கள்? எப்போது அழிப்பீர்கள்? பாதிக் கட்டங்களுக்கு வந்த பதில், “வழக்கமாகக் கேட்பதுதான்.” யாரோ எப்போதோ தயாரித்த படிவம், ஆண்டுதோறும் நகலெடுக்கப்பட்டு வருகிறது, அவ்வளவுதான் காரணம். வருமானக் கட்டம் இப்போது கட்டணச் சலுகை கேட்பவர்களின் விண்ணப்பத்துக்குப் போய்விட்டது. மனநலக் கேள்வி நீங்கியது. ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவை இருக்கட்டும் என்று நாமே சொன்னோம். எதையுமே தரமாட்டோம் என்பவர்கள் நாம் என்ற பேச்சு அதோடு கொஞ்சம் அடங்கியது.

அதே படிவத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: பள்ளி தேர்ந்தெடுக்கும் எந்த நிறுவனத்துடனும் தகவலைப் பகிரச் சம்மதிக்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டால் சேர்க்கை இல்லை. இதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? ஸ்வீடனில் ஷெல்லெஃப்தியோ நகராட்சியின் ஒரு பள்ளியில் வருகைப்பதிவுக்காக 22 மாணவர்களின் முகங்களைக் கேமரா வழியாக அடையாளம் கண்டு சோதித்துப் பார்த்தார்கள். பெற்றோர் சம்மதித்துத்தான் நடந்தது. ஆனால் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் நகராட்சிக்கு 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. பள்ளியைச் சார்ந்திருக்கும் மாணவர் தரப்பு தரும் சம்மதம் சுதந்திரமானதாக இருக்க முடியாது, வருகை எடுக்க முகம் தேவையும் இல்லை என்றது அது. நம் பள்ளியிலும் முகப்பதிவுக் கருவி பற்றிப் பேச்சு எழுந்தபோது இந்தத் தீர்ப்பைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தோம். அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. சம்மத வரி மட்டும் இன்னும் படிவத்தில் இருக்கிறது.

அடுத்தது வீட்டுப்பாட ஆப். பெயர் வேண்டாம். வீட்டுப்பாடம் பார்க்க இருப்பிடமும் தொடர்பு எண்களும் எதற்கு என்று கேட்டால், “முழுப் பாதுகாப்பானது, சான்றிதழ் இருக்கிறது” என்கிறார்கள். நாம் கேட்டது பூட்டைப் பற்றி அல்ல, பொருள் ஏன் அங்கே போகிறது என்பதை. இந்த வேறுபாட்டை விளக்குவதிலேயே பல சந்திப்புகள் கழிந்தன.

அமெரிக்காவில் இன்புளூம் என்ற திட்டம் எதிர்கொண்டதும் இதே கேள்வியைத்தான். பல மாநிலங்களின் மாணவர் விவரங்களை ஒரே இடத்தில் குவிக்க, பெரும்பாலும் கேட்ஸ் அறக்கட்டளை தந்த சுமார் 10 கோடி டாலர் நிதியில், 2013-இல் தொடங்கினார்கள். நடத்தை, குறைபாடு, குடும்பச் சூழல் உட்பட நூற்றுக்கணக்கான விவரங்களுக்கு அதில் இடம் இருந்தது. தகவல் திருடு போகும் வரை பெற்றோர் காத்திருக்கவில்லை. யாரைக் கேட்டுத் தருகிறீர்கள் என்றே கேட்டார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின, 2014 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். டென்மார்க்கில் இன்னும் சிறிய தொடக்கம். பள்ளி தந்த கணக்கு வழியாகத் தன் மகனின் பெயர் யூடியூபில் வெளிப்பட்டதை ஒரு தந்தை 2019-இல் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தார். 2022-இல் ஹெல்சிங்கர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக் மடிக்கணினிக்கும் கூகுளின் கல்விச் சேவைக்கும் தடை வந்தது. தடை பின்னால் நிறுத்திவைக்கப்பட்டாலும், 2024-இல் 53 நகராட்சிகளுக்கு உத்தரவு போகும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது.

நம்முடைய கணக்கு இவ்வளவு பெரிதில்லை. ஆப் வேண்டாம் என்கிற குடும்பங்களுக்கு வீட்டுப்பாடத்தைத் தாளில் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை வகுப்பில் தனியாகக் காட்டக் கூடாது என்று சொன்னபோது ஆசிரியர்கள் நம் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய சொந்தக் கைபேசியிலும் அதே ஆப்தானே இருக்கிறது! நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல் மட்டும் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் அழிக்க வேண்டும், கசிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் கேட்கிறோம்.

நம் வீட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்துப் போட்டது பள்ளி அல்ல, நம்மில் சிலர். விளையாட்டு விழாப் படங்களைப் பெயரோடு போடக் கூடாது என்று பள்ளியிடம் வாங்கிய உறுதி நமக்கும் பொருந்தும். இதைச் சொன்னதற்கு என்மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. இருக்கட்டும்.

பழைய மாணவர்களின் பதிவேடுகள் பற்றி நாம் பள்ளிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் 2024 டிசம்பரில், திருடப்பட்ட ஒரு லாகின் வழியாகப் புகுந்து மாணவர் விவரங்களை அள்ளினார்கள். டொராண்டோ பள்ளி வாரியத்தில் 1985 முதல் படித்தவர்களின் விவரங்கள்கூட அதில் அகப்பட்டன. நிறுவனம் பணம் கொடுத்துத் திருடியவர்களின் வாயை அடைத்த பிறகும், சில மாதங்களில் பள்ளி வாரியங்களுக்கே மிரட்டல் வந்தது. பள்ளியை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆனவரின் பிறந்த தேதியும் முகவரியும் ஒரு சர்வரில் கிடக்க வேண்டிய அவசியம் என்ன? மாற்றுச் சான்றிதழுக்கும் மதிப்பெண்ணுக்கும் வேண்டியதை வைத்துக்கொள்ளட்டும். மருத்துவக் குறிப்பும் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பும் மாணவர் வெளியேறியதும் குறிப்பிட்ட காலத்துக்குள் அழிய வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து.

அதற்கான வரைவுத் தீர்மானம் உங்கள் கையில் இருக்கும் தாளின் பின்பக்கத்தில் உள்ளது. சம்மத வரியை நீக்கக் கோரும் இரண்டாவது தீர்மானமும் அங்கேயே. இரண்டையும் விவாதித்து வாக்குக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்