தம்பிக்கு, ஒரு டேப் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ பெங்களூருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் நான் அந்தப் பேச்சை எடுத்தாலே "விடுப்பா, சும்மா பேச்சுக்குச் சொன்னது" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கேசட் அட்டையில் பாட்டு வரிசை எழுதிப் பழகிய கை. எழுதினால்தான் எனக்கு எல்லாம் ஒழுங்காக வரும்.

காணும் பொங்கல் ராத்திரி மொட்டை மாடியில் நடந்ததைப் பற்றித்தான்.

பழைய கூட்டாளிகள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மெட்டாலிகா ராக் குழுவின் ஆல்பங்களில் 'ரைட் த லைட்னிங்' பெரிதா, 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பெரிதா என்று நீங்கள் மல்லுக்கட்டியது வீதி வரை கேட்டது. பதினெட்டு வயதில் போட்ட அதே சண்டை. "இவனுங்களுக்கு இன்னும் அது தீரலையா" என்று அம்மா சிரித்தாள். நான் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அப்போதுதான் உன்னோடு கிட்டார் பழகிய அவன் சொன்னான், இப்போதெல்லாம் தனக்கு 1991-ல் வந்த மெட்டாலிகாவின் அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம்தான் பிடிக்கிறது என்று. நீ சிரித்தாய். அதோடு விட்டிருக்கலாம். "கல்யாணத்துல வாசிக்கிறவனுக்கு அதுதான் பிடிக்கும். மெட்டலப் பத்திப் பேச உனக்கு என்னடா இருக்கு" என்றாய்.

அவன் பதில் பேசவில்லை. டீ கிளாஸைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தான், பாதி டீ அப்படியே இருந்தது. என்னைத் தாண்டிப் படி இறங்கும்போது "வரேன்பா" என்றான். சின்ன வயதிலிருந்து என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். நீங்கள் பேச்சை மாற்றி ஐயர்ன் மெய்டன் குழுவுக்குப் போய்விட்டீர்கள். நான் மட்டும் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, மெட்டல் என்கிற இந்தக் கனத்த கிட்டார் சங்கீதத்தைப் பற்றி உன் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் உனக்கு முன்னாலேயே இது என் கடைக்குள் வந்துவிட்டது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ரெக்கார்டிங் கடை போட்ட இரண்டாவது வருஷம், சொல்தா வீட்டுப் பையன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுப் பையன் ஒருவன் லீவுக்குப் பாரிஸிலிருந்து வந்தபோது பிரமிடு படம் போட்ட ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்தான். ஐயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்', 1984. ஒரே பாட்டு பதின்மூன்று நிமிஷம் ஓடும். மொத்தம் ஐம்பத்தொரு நிமிஷம். தொண்ணூறு டேப்பில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்துதான் பிடிக்கும், எங்கே வெட்டி எங்கே திருப்புவது என்று யோசித்து உட்கார்ந்த முதல் இங்கிலீஷ் பாட்டு அதுதான். அப்புறம் ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்', 1986. முழு ஆல்பமும் அரை மணிக்குள் முடிந்துவிடும், அறுபது டேப்பில் ஒரு பக்கமே போதும். இன்னொரு பக்கத்துக்கும் அதையே போட்டுக் கொடுங்கள் அண்ணே என்பார்கள் பையன்கள். ஒரு ஆல்பம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வைத்தே இவர்களை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நீ கும்பிடுகிற மெட்டாலிகாவின் 1988 ஆல்பம் இருக்கிறதே, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', அதைப் பதிந்து கொடுத்த மறுநாளே இன்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருவன் டேப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "அண்ணே, பேஸ் வரல, ரெக்கார்டிங் சரியில்ல." அடியில் முழங்கும் பேஸ் கிட்டாரைத்தான் சொன்னான். எனக்கு மனசு ஆறவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். ஹெட் பக்கத்து ஸ்குரூவை இம்மி இம்மியாகத் திருப்பிப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். கடைசியில் ஹெட்போனை மாட்டித் தட்டையே கேட்டால், அதிலேயே பேஸ் இல்லை. பழைய பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் சுவீடனில் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார் என்றும், புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பை மிக்ஸிங்கில் கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டார்கள் என்றும் பிறகு அந்தப் பையன்களே சொன்னார்கள். நாலு பேர் வாசித்ததில் ஒருவன் காணாமல் போயிருந்தான். அதற்குப் பிறகு 1991 தட்டைப் போட்டபோது, டிரம்ஸும் பேஸும் சேர்ந்து என் நெஞ்சில் வந்து இடித்தன. பாட்டு சின்னதாகியிருந்தது, வேகம் குறைந்திருந்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் பதிவு வேலை பார்த்த என் காதுக்கு அது காணாமல் போன ஆள் வீடு திரும்பியது போல இருந்தது. பாப் ராக் என்ற தயாரிப்பாளரை அதற்காக இன்றைக்கும் திட்டுகிறார்கள் என்று நீ சொல்வாய். நான் திட்ட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ உச்சத்தில் வைக்கிற 'ரைட் த லைட்னிங்' 1984-ல் வந்தபோது, அதில் சாதா கிட்டாரோடு மெதுவாகத் தொடங்குகிற 'ஃபேட் டு பிளாக்' பாட்டைக் கேட்டுவிட்டு, இவர்கள் விலைபோய்விட்டார்கள் என்று அந்த ஊர் ரசிகர்களே கத்தினார்களாம். நீதான் எனக்கு இதைச் சொன்னாய், பதினொன்றாம் வகுப்பில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "என்ன காதுப்பா அவங்களுக்கு" என்று கேட்டாய்.

எல்லாவற்றுக்கும் முந்தினவர் பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி. அவர் கதையை உன்னிடம் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை. பர்மிங்காமில் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் பதினேழு வயதுப் பையன். வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் மிஷினில் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரர், அதனால் தந்தியை அமுக்க வேண்டிய விரல்களே அவைதான். பாத்திரம் கழுவுகிற சோப்பு பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். தந்தி உறுத்துகிறது என்று மெல்லிசான தந்திக்கு மாறினார். மூன்றாவது ஆல்பத்தில், 1971-ல், தந்தியைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். நீங்கள் எல்லோரும் கனம் கனம் என்கிறீர்களே, அந்தக் கனம் இப்படித்தான் வந்தது.

அதைக் கேட்டபோது எனக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியிலிருந்து கடைக்கு வரும் ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பதிந்து வாங்கிப் போவார். அந்தக் காலத்தில் நாயனம் என்றால் திமிரிதான், குட்டையாக, உச்சச் சுருதியில். ராஜரத்தினம் பிள்ளைதான் நீளமான பாரி நாயனத்துக்கு மாறிச் சுருதியை இறக்கியவர். "கோயில் கோபுரத்துல நின்னு ஊதினா நாலு ஊருக்குக் கேட்ட சத்தம் அது, அதைப் போய் இறக்கினாரே" என்று அங்கலாய்ப்பார் பெரியவர். சொல்லிக்கொண்டே அந்தத் தோடிக்குக் கண் கலங்குவார். அவரிடம் இரண்டுமே பொய்யில்லை. 1992-க்குப் பிறகு ராஜாவா ரகுமானா என்று கடை வாசலில் நடந்த சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நீ அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன்.

நீயும் மாறாதவன் இல்லை. 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஒப்பெத் என்ற மெட்டல் குழுவின் கச்சேரி பார்த்துவிட்டுத் தொண்டை கட்டி வந்தாய். இரண்டே வருஷத்தில் அவர்கள் உறுமிப் பாடுவதை விட்டுவிட்டு 'ஹெரிட்டேஜ்' ஆல்பம் போட்டார்கள். அந்த ஆல்பத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு, இனி இவர்களைத் தொட மாட்டேன் என்றாய், ஒரு நாள் முழுக்க அம்மாவிடம் கூடப் பேசவில்லை. பொங்கலுக்கு என்னைத் திண்டிவனத்தில் காரில் ஏற்றிக்கொண்டாயே, அப்போது ஓடிக்கொண்டிருந்தது எது? திரையில் பெயர் வந்தது. நான் கண்ணாடி போட்டிருந்தேன். அவர்கள் 2024-ல் உறுமலுக்குத் திரும்பிவிட்டார்கள் என்றும் நீதான் சொன்னாய், ஆனால் நீ போட்டது அதையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உன் கோபம் ஆல்பத்தின் மேல் என்று நான் நம்பவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மெட்டல் வாசிப்பதாகத்தான் பேச்சு. அவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருஷம் அவன் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான், நீ பெங்களூருக்குப் போனாய். அவன் விட்டுவிட்டுப் போனதாக நீ மனசுக்குள் வைத்திருக்கிறாய். நீயும் விட்டுவிட்டுத்தான் போனாய் தம்பி. உன் கிட்டார் இங்கே பீரோ மேல் துணி உறையில் இருக்கிறது, நான்தான் தூசு தட்டுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் வில்லியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மேடையில் அவன். பழைய ராஜா பாட்டு ஒன்று, நடுவில் கிட்டார் மட்டும் வரும் இடம். வலது உள்ளங்கை ஓரத்தைத் தந்தி மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக மட்டுமே அடித்தான். ஏறி வருகிற அடி ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டு தையல் மிஷின் ஊசி மாதிரி போனது. மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டு அடிக்கிற அடி அது. நம் வீட்டு மாடியில் பதினாறு வயதில் கை வீங்க வீங்க நீங்கள் பழகியது. அப்புறம் ஒரு குத்துப் பாட்டில் கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் பெடலைக் காலால் அமுக்கினான். எட்டு எண்ணிக்கைதான் இருக்கும். முன்வரிசைப் பொடிசுகள் எல்லாம் எழுந்து குதித்தன. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது எனக்கு.

பிளாக் சபாத்தில் பாடிய ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலையில் இறந்தாரே, கடைசிக் கச்சேரி முடிந்து பதினேழாம் நாள், அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்தாய். அவன் நேராகக் கடைக்கு வந்து ரீசார்ஜ் கவுன்ட்டர் பக்கத்து ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். உன்னைக் கூப்பிட்டானா என்று கேட்டேன். "அவன் பிஸியா இருப்பான்பா" என்றான்.

'தானே' புயல் உனக்கு ஞாபகம் இருக்கும். 2011 அக்டோபர் 30-ல் பெங்களூரில் மெட்டாலிகா. இரண்டு நாள் முன்னால் டெல்லிப் பக்கம் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தானதும், இதுவும் போச்சு என்று இரண்டு பேரும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தீர்கள். பார்த்துவிட்டு வந்து சரியாக இரண்டு மாசம், டிசம்பர் 30 விடிகாலையில் 'தானே' புயல் வந்தது. அவன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துவிட்டது. ஒன்பது நாள் அவர்கள் எல்லோரும் நம் வீட்டில். கரண்ட் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை. சிம்னி விளக்கு, ஒரு சாதா கிட்டார். அந்த ராத்திரிகளில் அவன் என்ன வாசித்தான் சொல்லு. நீ கேலி செய்த அதே 1991 ஆல்பத்தின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. தொடக்கத்தில் இடது கையே வேண்டாம், வெறும் தந்தியை ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும். ஹெட்ஃபீல்டு ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் தட்டிப் பார்த்தது அது என்று அவன்தான் எங்களுக்குச் சொன்னான். நீ பாடினாய். தம்பி, நீ அந்தப் பாட்டை அவ்வளவு நன்றாகப் பாடினாய்.

நான் அதைப் பதிந்து வைத்திருக்கிறேன். பேட்டரியில் ஓடும் பழைய டேப் ரிக்கார்டர், ஐந்தாவது ராத்திரி என்று நினைக்கிறேன். அட்டையில் தேதி மட்டும் எழுதியிருக்கிறது. பாட்டு முடிந்ததும் அம்மா "இன்னொரு தடவை அந்த மெதுவான பாட்டு" என்று கேட்பது வரும். தென்னை மட்டை இழுத்துப் போடும் சத்தமும் வரும்.

போன வாரம் பரணில் தேடி எடுத்தேன். பிளேயரின் பெல்ட் இற்றுப்போயிருந்தது. அவன் ஞாயிறு சந்தையில் தேடி அளவான பெல்ட் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தான். என்ன டேப் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. உன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை, நீ எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டான்.

மாசி மகத்துக்கு லீவு போட்டு வா. வைத்திக்குப்பத்தில் சாமிகள் கடலுக்கு வரும், கூட்டம் கலைந்ததும் மாடியில் உட்காரலாம். அதற்கு முன்னால் நீயே அவனுக்குப் போன் செய். நான் சொன்னேன் என்று சொல்லாதே. டேப்பைச் சுற்றித் தொடக்கத்தில் வைத்திருக்கிறேன், இன்னும் போட்டுக் கேட்கவில்லை.

அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். இரண்டு டப்பா. ஒன்று அவன் வீட்டுக்கு, நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா