வித்தை காட்டியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தெருக்கலைஞர்கள், நடைபாதை வியாபாரிகள் பற்றிய புகைப்படப் போட்டித் தொகுப்பைப் பார்த்தேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயிலிருந்து நெருப்பை ஊதும் மனிதர், கயிற்றின் மேல் நிற்கும் சிறுமி, பலூன் கொத்துக்குள் பாதி முகம் மறைந்த வியாபாரி, குடைக் கம்பியை நிமிர்த்தும் விரல்கள் என்று எல்லாமே நின்று பார்க்க வைத்தன. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்தவர் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். எந்த கேமரா, எந்த லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர் என்றுகூடப் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பவர் யார் என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக 'நெருப்போடு ஒரு விளையாட்டு', 'வாழ்க்கைப் போராட்டம்' என்று தலைப்புகள். நெருப்பு ஊதுபவருக்கு அது விளையாட்டா? அதுதானே அவர் பார்க்கிற வேலை!

என் வாதமும் அவ்வளவுதான். இவர்களெல்லாம் வேலையில் இருப்பவர்கள். வேலையில் இருக்கும் ஒருவரைப் படம் எடுக்கிறோம் என்ற நினைப்பு எடுப்பவருக்கும் இல்லை, வெளியிடும் உங்களுக்கும் இல்லை. தெரு என்றதும் ஏதோ மரம், மேகம் மாதிரி எல்லாம் இலவசம் என்று ஆகிவிடுகிறது.

அந்த நெருப்புப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தாக விரிகிற தீ கண் இமைக்கும் நேரத்தில் கலைந்துவிடும். அதை உருவத்தோடு பிடிக்க ஷட்டர் வேகம் அதிகம் வேண்டும். தீ வெளுத்துப் போகக்கூடாது, முகமும் இருட்டாகிவிடக்கூடாது. முதல் தடவையே இதெல்லாம் கூடி வருவது அபூர்வம். அதனால் கேமராக்காரர் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார், இன்னொரு தடவை என்று. அவருக்கு அது இன்னொரு 'கிளிக்'. ஊதுபவருக்கு இன்னொரு வாய் மண்ணெண்ணெய். அதில் கொஞ்சம் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வந்து, காய்ச்சலும் நெஞ்சுவலியுமாகப் படுக்க வேண்டியதுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருகிற நோய் என்று மருத்துவப் புத்தகங்களில் இதைத் தனியாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்காக எத்தனை முறை ஊதுவது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருப்பார். கேமராவுக்காக ஊதுவது அந்தக் கணக்கில் சேராதது. தட்டிலும் அதற்கென்று எதுவும் விழப்போவதில்லை.

கயிற்றில் நடப்பவர்கள் கயிற்றின் மறுமுனையில் ஏதாவது ஒரு புள்ளியில் பார்வையை ஊன்றிக்கொண்டுதான் நடப்பார்கள். அந்தத் திசையில் போய் நின்றால்தான் முகம் நேராகக் கிடைக்கும். அதனால் படம் எடுப்பவர்களும் சரியாக அங்கேதான் போய் நிற்கிறார்கள். மாலை வெளிச்சம் குறைந்திருந்தால் ஃப்ளாஷ் வேறு. பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பவருக்கும் இதே ஆபத்துதான், என்ன, அவருக்குப் பந்து விழும், கயிற்றில் நடப்பவர் தானே விழுவார். ஆட்டம் நடக்கும்போது ஃப்ளாஷ் கூடாது என்று அரங்கங்களில் அறிவிப்பு வைக்கிறார்கள். நாமும் அடங்கி உட்காருகிறோம். தெருவில் கதவும் இல்லை, காவலாளியும் இல்லை, அதனால் சொல்ல ஆள் இல்லை.

வியாபாரியின் சங்கடம் வேறு மாதிரி. அவர் கடையின் அகலமே இரண்டு கை நீட்டும் தூரம்தான். அதற்கு எதிரே ஒருவர் மண்டியிட்டு லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தால், வாங்க வருகிறவர்கள் படத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். மரியாதைக்குத்தான் ஒதுங்குகிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் வியாபாரம் நின்றுபோகிறது. அப்புறம் இன்னொன்று இருக்கிறது, இதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. உரிமம் இல்லாமல் கடை போட்டிருப்பவர்கள் எந்த நகரத்திலும் உண்டு. எந்தத் தெரு, எந்த முனை, எத்தனை மணி என்ற விவரத்தோடு படம் வெளியானால், அவரை அப்புறப்படுத்த நினைப்பவர்களுக்குத் தேடும் வேலை மிச்சம். பலூன் வியாபாரி படத்துக்குக் கீழே அவர் பெயர் இல்லை, ஆனால் தெருமுனையின் பெயர் தெளிவாக இருக்கிறது. இருக்க வேண்டியது இல்லை, இருக்கக் கூடாதது இருக்கிறது.

அனுமதி கேட்டால் முகத்தில் இயல்பு போய்விடும் என்பது நெடுநாள் வாதம். இதற்காகப் பெரிய கலைஞர்களே தந்திரம் செய்திருக்கிறார்கள். 1916-ல் நியூயார்க் தெருக்களில் பால் ஸ்ட்ராண்ட் தன் கேமராவின் பக்கவாட்டில் ஒரு போலி லென்ஸைப் பொருத்திக்கொண்டு அலைந்தார். கேமரா வேறு பக்கம் பார்க்கிறது என்று எதிரில் நிற்பவர் நினைத்துக்கொள்வார். அந்த ஆண்டு அவர் எடுத்ததில் மிகப் புகழ்பெற்றது ஒரு தெரு வியாபாரியின் படம். கழுத்தில் பார்வை இல்லை என்று எழுதிய அட்டை, அதற்கு மேல் தெருவில் விற்பதற்கான உரிம வில்லை. (பார்வை இல்லாதவரை ஏமாற்றப் போலி லென்ஸ் எதற்கு என்பது வேறு விஷயம்.) நவீனப் புகைப்படக்கலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வோரும் உண்டு. படத்தின் தலைப்பு 'பார்வையற்ற பெண்'. நூறாண்டு தாண்டியும் அந்த அம்மாவுக்கு அதுதான் பெயர்.

அதற்கும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1877-ல், லண்டனில் ஜான் தாம்சன் தெருத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். அன்றைய கேமரா பெரிய பெட்டி, கண்ணாடித் தகடு, முக்காலி. திருட்டுத்தனமாக எடுக்க வழியே இல்லை. எதிரில் இருப்பவர் சம்மதித்து அசையாமல் நின்றால்தான் படம். தாம்சனும் அடால்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளரும் அந்த மனிதர்களிடம் பேசி, ஒவ்வொரு படத்தோடும் அவர்கள் கதையை எழுதி மாதாமாதம் வெளியிட்டார்கள். அதில் ஒரு படத்தில் வீட்டு வாசலில் ஒருவர் நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருக்கிறார். பார்த்தால் சாதாரண நாற்காலிக்காரர், அவ்வளவுதான். எழுத்தைப் படித்தால்தான் தெரியும், அவர் ஊரையே சிரிக்க வைத்த கோமாளி. ஒரு திருவிழாவில் ஆடும்போது காலில் ரத்தக்குழாய் வெடித்து ஆட்டமே நின்றுபோய், பிரம்பைக் கையில் எடுத்தவர். 'கேனி' என்று அவரை அழைத்த பெயரும் அங்கே பதிவாகியிருக்கிறது. அந்த நாலு வரி இல்லாவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்?

கேட்டு எடுத்தால் முதல் படம் விறைப்பாகத்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். காத்திருந்தால் சரியாகிவிடும். வேலை இருக்கிறவர் எவ்வளவு நேரம்தான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்? குடைக்காரர் கொஞ்ச நேரத்தில் குடைக்குத் திரும்பிவிடுவார். கலைஞர்களிடம் இந்தச் சாக்கும் செல்லாது. நூறு பேர் பார்ப்பதற்கென்றே ஆடுகிறவர் நூற்றியோராவது கண்ணைக் கண்டா கூச்சப்படப் போகிறார்?

சட்டம் தடுக்கவில்லையே என்பார்கள். சில இடங்களில் தடுக்கவில்லைதான். டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்குகளைப் பொருத்தி வழிப்போக்கர்களை எடுத்த பிலிப் லோர்கா டிகோர்சியா மீது ஒருவர் தொடுத்த வழக்கை, அது கலை என்று சொல்லி 2006-ல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் 1998-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. மான்ட்ரியலில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணைக் கேட்காமல் எடுத்து ஓர் இதழில் போட்டதற்கு 2000 டாலர் இழப்பீடு. எடுத்தவர் மட்டுமல்ல, வெளியிட்ட இதழும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கடைசி வரி தங்கள் தனிக் கவனத்துக்கு!

காசு கொடுக்கலாமா என்ற கேள்வியில் நம் புகைப்பட நண்பர்கள் வீணாகக் குழம்புகிறார்கள். செய்திப் படத்துக்குக் காசு கொடுத்தால் செய்தி கெடும், அது நியாயம். போட்டிக்கு அனுப்புகிற படம் செய்தி இல்லை. மொராக்கோவில் மராகேஷ் நகரின் ஜமா அல் ஃப்னா சதுக்கத்தில் பாம்பாட்டியும் மணி கட்டிய தண்ணீர்க்காரரும் கேமராவைத் தூக்கினாலே கையை நீட்டுவார்கள். அந்தச் சதுக்கத்தின் கலைமரபை யுனெஸ்கோ 2001-ல் உலகச் செல்வமாக அறிவித்தது. பயணிகள் மட்டும் 'காசு பிடுங்குகிறார்கள்' என்று புலம்புகிறார்கள். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. ஆட்டத்தைப் பார்த்தவர் தட்டில் போடுகிறார், ஆட்டத்தைப் படமாக எடுத்துக்கொண்டு போகிறவர் ஏன் போடக்கூடாது? தொகையை முன்கூட்டியே பேசிக்கொண்டால் சண்டையும் இல்லை. வியாபாரியிடம் காசை நீட்டுவது மட்டும் எனக்கு உறுத்தும். அவர் கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் அவர் விற்பதில் ஒன்றை வாங்கிக்கொள்வதே மரியாதை. பேரம் பேசாமல்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கயிற்றில் நிற்கும் அந்தச் சிறுமியின் முகத்தை அவ்வளவு பெரிதாக நீங்கள் போட்டிருக்கவே கூடாது. கயிறும் பாதமும் போதும். மூங்கிலைப் பிடித்திருக்கும் கைகளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

அடுத்த போட்டியை அறிவிக்கப்போவதாக அதே இதழில் குறிப்பு இருந்தது. நுழைவுப் படிவத்தில் கேமரா விவரத்துக்கு மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அதில் இரண்டை எடுத்துவிட்டு, படத்தில் இருப்பவர் பெயர் என்ன, வெளியிட அவர் சம்மதித்தாரா என்று இரண்டு கேள்விகளைச் சேருங்கள். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் 'பெயர் வெளியிட விருப்பமில்லை' என்று அச்சிடுங்கள், அதுவும் அவர் பேச்சுதானே. பரிசுத் தொகையில் ஒரு பங்கும், இதழின் ஒரு பிரதியும் அவருக்குப் போக வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு எடுத்தவருடையது. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறவர் வியாபாரம் நடக்கும் நேரத்தில் போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கப் போனதும் அப்போதுதானே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்