புல்லை எடுக்க அனுமதி வந்துவிட்டது

அன்புள்ள வசந்தி,

அனுமதி வந்துவிட்டதடி! நேற்று சாயங்காலம் மெயிலில் வந்தது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கை பரபரத்தது, ஆனால் உனக்கு அங்கே விடிகாலை, போன் பண்ணினால் உன் மாமியார் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போவார்கள் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கீதா சொன்னாள், சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார், அவர்கள் ஏமாற்றுவார்கள். சின்னவன் வேலையைப் பற்றித் தனியாகப் பேசுகிறேன். இப்போது என் கதையைக் கேள்.

போன தடவை பேசும்போது, "உன் வீட்டு வாசல் புல்லைப் பிடுங்க யாரைடி கேட்கணும்?" என்று சிரித்தாய். பால்கனியில் போர்வை காயப்போட்டவர்களுக்கு வாட்ஸாப்பில் போட்டோவோடு நோட்டீஸ் அனுப்புகிற செயலாளர் அம்மா, நீ சிரிக்கலாமா? இங்கே அமெரிக்காவிலும் அதே சங்கம்தான், அடுக்குமாடிக்குப் பதில் தனி வீடுகளுக்கு. ஹோம்ஓனர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக எச்.ஓ.ஏ. என்பார்கள். வீட்டை வாங்கும்போதே பத்திரத்தோடு ஒரு கட்டு விதிமுறையும் சேர்ந்து வரும். கூரை ஷிங்கிள் என்ன நிறம், வேலி எத்தனை அடி, வாசல் கதவுக்கு என்ன பெயின்ட், குப்பைத்தொட்டி தெருவிலிருந்து தெரியாமல் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கம் எதை மாற்றுவதானாலும், வீடுகளின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிற ஆர்க்கிடெக்சுரல் கமிட்டிக்கு விண்ணப்பம் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் கை வைக்கலாம். இந்த விதிகள் ஆளோடு போவதில்லை, மனையோடு ஒட்டிக்கொண்டவை. நாங்கள் விற்றுவிட்டுப் போனாலும் அடுத்து வாங்குகிறவரைப் பிடித்துக்கொள்ளும்.

என் பிரச்சினை புல். டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கிற இந்தப் பக்கம் முழுக்கக் கரிசல் மண், வசந்தி. உங்கள் வீட்டுக்காரர் ஊர் கோவில்பட்டிப் பக்கம் எப்படியோ அப்படியே. மழை பெய்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். சும்மா விட்டால் வீட்டு அஸ்திவாரமே அசைந்து சுவரில் கீறல் விழும், அதனால் கோடையில் வீட்டைச் சுற்றிக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் காட்டுகிற ஊர் இது. ஒரு காலத்தில் இடுப்பளவு புல்லும் பூவுமாக இருந்த பிளாக்லேண்ட் பிரேரி என்கிற புல்வெளி இதுதான். இன்றைக்கு அதில் ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. அதை உழுது, அப்புறம் வீடுகள் கட்டி, மேலே செயின்ட் அகஸ்டின் என்கிற தண்ணீர் குடிக்கும் புல்லை விரித்து வைத்திருக்கிறார்கள். வெயில் நூறு டிகிரியைத் தாண்டும், எங்களுக்குத் தண்ணீர் வரும் லாவோன் ஏரி இறங்கும், நகராட்சி வாரத்தில் இந்த நாள் மட்டும்தான் தண்ணீர் விடலாம் என்று கட்டுப்பாடு போடும், புல் பழுக்கும், உடனே சங்கத்திலிருந்து கடிதம் வரும்: புல் பச்சையாக இல்லை, சரிசெய்யவும். தண்ணீர் விட்டால் நகராட்சி அபராதம், விடாவிட்டால் சங்கத்து அபராதம். எத்தனை குடும்பங்கள் இதில் மாட்டிக்கொண்டு விழித்திருக்கின்றன தெரியுமா? 2025இல்தான் டெக்சஸில் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும்போதும், அது நீங்கி 60 நாள் வரைக்கும், பழுத்த புல்லுக்கு அபராதம் போடக் கூடாது.

அபராதம் போடாவிட்டாலும் புல் புல்தானே. அதை எடுத்துவிட்டு இந்த மண்ணுக்குச் சொந்தமான செடிகளை வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டெக்சஸ் லாண்டானா, ஆட்டம் சேஜ், டர்க்ஸ் கேப், கல்ஃப் மூலி என்று இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் ஒரு புல். வேர் பிடித்துவிட்டால் பெரிதாகத் தண்ணீர் கேட்காது, பட்டாம்பூச்சி மொய்க்கும். மனையின் சர்வே வரைபடத்தை நகல் எடுத்து, எந்தச் செடி எங்கே, வளர்ந்தால் எத்தனை அடி, கரைக்கு என்ன தகடு, மண்ணின் மேலே பரப்பும் மரச்சீவல் என்ன நிறம், அஸ்திவாரத்தை ஒட்டிச் சொட்டுநீர்க் குழாய் எப்படி ஓடும் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, நர்சரியில் எடுத்த போட்டோக்களோடு விண்ணப்பம் போட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. குடியிருப்பின் தோற்றத்தோடு இசையவில்லை, நிராகரிக்கப்பட்டது. அவ்வளவுதான். எது இசையவில்லை, எதை மாற்றினால் இசையும், ஒரு சொல் கிடையாது.

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வார்டன் அறைக்கு நடந்தோமே, அந்தக் கோபம். ஆனால் இந்தத் தடவை அண்டாவுக்குப் பதில் சட்டப் புத்தகத்தைத் தூக்கினேன். டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202, 209 ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். வக்கீல் தேவையில்லை, நம்மைப் போன்றவர்களே படித்துப் புரிந்துகொள்ளலாம். தண்ணீரை மிச்சப்படுத்தும் தோட்டத்தைச் சங்கம் தடை செய்யக் கூடாது என்று 2013லிருந்தே சட்டம் இருக்கிறது. வரைபடம் கேட்கலாம், அக்கம்பக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம், ஆனால் நியாயமில்லாமல் மறுக்கக் கூடாது. 2021இல் இன்னும் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். 40 மனைகளுக்கு மேல் உள்ள சங்கத்தில் கமிட்டி மறுத்தால், காரணத்தை விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், என்ன மாற்றினால் ஒப்புக்கொள்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் நாம் கேட்டால், சங்கத்தை நடத்தும் போர்டு நம்மை நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். போர்டில் இருப்பவரோ அவருடைய கணவன், மனைவியோ அந்தக் கமிட்டியில் உட்காரவும் கூடாது. மறுத்தவரிடமே போய் மேல்முறையீடு செய்கிற நிலைமை இனி இல்லை. இதை எழுதியவர்கள் நன்றாக இருக்கட்டும்.

விசாரணை கிளப்ஹவுஸில் நடந்தது. நான் பயந்த மாதிரி யாரும் முறைக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "ஜனவரியில் இது காய்ந்த களைமேடு மாதிரி இருக்குமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, வசந்தி, குளிர்காலத்தில் பாதிச் செடி பட்டுப்போன மாதிரித்தான் நிற்கும். அதனால்தான் முன்வரிசையில் வருஷம் முழுக்க இலை உதிராத குட்டை யோபான் ஹாலி வைத்திருக்கிறேன், மூலியைக் குளிர்கால முடிவில் வெட்டிவிடுவேன் என்று படத்தைக் காட்டினேன். நடைபாதையை ஒட்டி ஒரு பட்டை பெர்முடா புல் இருக்கட்டும் என்றார்கள், சரி என்றேன். நான் வரைந்திருந்த கூழாங்கல் ஓடை வேண்டாம் என்றார்கள். கல், சரளை, கள்ளிச்செடி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தச் சங்கத்துக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது, அதனால் அதையும் விட்டுக்கொடுத்தேன். மீதி எல்லாம் அப்படியே அனுமதி!

நீ கேட்ட இன்னொன்று, வாசலில் தோரணம், சாமி படம் வைக்கலாமா என்று. தாராளமாக வைக்கலாம். 2011 சட்டத்தில் வாசல் கதவு, நிலையில் மட்டும், எல்லாம் சேர்ந்து 25 சதுர அங்குலத்துக்குள் என்று இருந்தது. உள்ளங்கை அகலம்தான், அதில் மாவிலை எங்கே கட்டுவது? 2021இல் அந்த அளவை எடுத்துவிட்டார்கள். நீ வரும்போது பொங்கலுக்குக் கரும்பே கட்டலாம், வா.

இதற்காகப் படிக்கப் போய் வேறொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கன்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கோல்ஸ் என்று ஒரு மனைத்தொழில்காரர், போன நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த மாதிரி விதிகளையும் வீட்டுச் சங்கங்களையும் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். வீடு தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், குறைந்தது என்ன செலவில் கட்ட வேண்டும் என்று எழுதிய அதே பத்திரத்தில் கறுப்பர்கள் இங்கே குடியிருக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். நாடு முழுக்க அப்படிப் பத்திரங்கள் இருந்தன. பல ஊர்களில் ஆசியர்களையும் சேர்த்துத் தள்ளி வைத்தார்கள். 1948இல்தான் அப்படிப்பட்ட ஷரத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம் அதை முழுவதுமாகத் தடை செய்தது. எங்கள் குடியிருப்பு அதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது, அந்த வரி இதில் இல்லை. ஆனாலும் "குடியிருப்பின் தோற்றத்தோடு இசையவில்லை" என்று ஒருவர் காரணம் சொல்லாமல் எழுதும்போது, அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பது எவ்வளவு அவசியம் என்று எனக்கு உறைக்கிறது.

இப்போது நான் உண்மையாகவே கவலைப்படுவது என் தோட்டத்தைப் பற்றி இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மா, அதுதான் நீ வந்தபோது பீக்கான் பை என்று ஒரு இனிப்பு கொடுத்தாரே, அவர் இடுப்பு எலும்பு முறிந்து மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக் கூரை விளிம்புப் பலகையில் பெயின்ட் உரிகிறது, வேலி சாய்ந்திருக்கிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதம். வீட்டுக்கு வந்ததும் அவற்றைப் பிரிக்கவே பயந்து ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். "வீட்டை எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டார் வசந்தி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனுஷி, கை நடுங்கக் கேட்டார். வெறும் அபராதத்துக்காக வீட்டை ஏலம் விட முடியாது என்று அந்த 209ஆம் அத்தியாயத்தில் இருக்கிற பிரிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் மாதாந்திரச் சங்கக் கட்டணம் பாக்கி விழுந்தால் கதை வேறு, அதற்கு ஏலம் வரை போகலாம், அதனால் அதை மட்டும் விடாமல் கட்டச் சொன்னேன், முடியாவிட்டால் தவணை கேட்கும் உரிமை இருக்கிறது என்றும் சொன்னேன்.

அப்புறம் தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு நாங்களே ஏணி போட்டோம். சுரண்டியை வைத்ததும் பெயின்ட் தகடு தகடாக வந்தது, மேற்கு மூலையில் பலகையே ஊறி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. அந்தத் துண்டை அறுத்துப் புதுப் பலகை வைத்து, இடுக்குகளில் கால்க் என்கிற பசையை அடைத்து, பிரைமர் பூசி, பழைய நிறத்தையே இரண்டு கோட் அடித்தோம். அதே நிறம் என்றால் எங்கள் சங்கத்தில் அனுமதி வேண்டாம். சங்கத்துக்காக வேலை பார்க்கும் மேலாண்மை கம்பெனிக்குப் போட்டோ அனுப்பி, வழக்கை மூடிவிட்டோம் என்று எழுத்தில் வாங்கி டீச்சரம்மா கையில் கொடுத்தேன்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பலகையை இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் கூரைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், கடிதம் சொன்னது சரிதான். ஆனால் மாதம் ஒரு தடவை காரில் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிக் கதவைத் தட்டியிருந்தால், உள்ளே யாருமே இல்லை என்று தெரிந்திருக்கும். சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தார்கள், அவகாசமும் கொடுத்தார்கள், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மட்டும் ஆளில்லை.

அதனால் அடுத்த மாதத் தேர்தலில் நான் போர்டுக்கு நிற்கப் போகிறேன். இவர் "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்கிறார், பெண் மட்டும் என் பக்கம். எழுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கு முதல் கடிதத்துக்கு முன்னால் ஒரு ஆள் நேரில் போக வேண்டும், ஏணி ஏற முடியாதவர்களுக்கு உதவத் தெருவுக்கு ஒரு பட்டியல் வேண்டும். இந்த இரண்டை மட்டும் வைத்து ஓட்டுக் கேட்கிறேன். உங்கள் சங்கத்தில் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு நீ ஏதோ ஏற்பாடு செய்திருப்பதாகக் கீதா சொன்னாளே, அது எப்படி நடக்கிறது, யார் போகிறார்கள், செலவு யாருடையது என்று விவரமாக எழுது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவேன், எழுத்தில் வேண்டும், இந்த வாரத்துக்குள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
மாலதி