விமானப் பயண நேரம் கணக்கிட்டுத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும் தளங்களை நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிள்ளைகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகும் பெரியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வரும்போதே உங்களிடம் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இன்சுலின் எப்போது போடுவது, அங்கே மகன் எத்தனை மணிக்குக் காரோடு வந்து நிற்பது, எல்லாம் அந்த ஓர் எண்ணை நம்பித்தான்.

உங்கள் கிலோமீட்டரில் எனக்குக் குறையில்லை. உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வளைவை அளந்து தருகிறீர்கள், சரி. அதையே ஒரு சராசரி வேகத்தால் வகுத்துப் ‘பயண நேரம்’ என்று போடும்போதுதான் வினை.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவில் சுமார் 12,400 கி.மீ. அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. பழைய வழி ஏறத்தாழ 13,900 கி.மீ., புதியது 15,300. தூரம் கூடியும் பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது; முன்பைவிட இரண்டு மணி நேரம் மிச்சம்! மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் மேல்வானக் காற்று பின்னால் இருந்து தள்ளியதுதான் காரணம். உங்கள் வகுத்தலில் இந்தக் காற்றுக்கு இடமே இல்லை. 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, புயற்காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு ஏழரை, எட்டு மணி ஆவது வழக்கம். நீங்களோ போகவும் வரவும் ஒரே நேரம் போடுகிறீர்கள்.

காற்றாவது பருவத்துக்குப் பருவம் மாறும். அரசுகள் வானத்தை மூடினால் எப்போது திறக்கும் என்று யார் சொல்வது? 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி அடைபட்டதும், ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியானது. ஃபின்லாந்து விமானங்கள் வட துருவத்துக்கு மேலாகவே சுற்றிப் போயின. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து நிற்காமல் அமெரிக்கா போய்க்கொண்டிருந்த சில விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக இறங்க வேண்டியதாயிற்று. முட்டி வலிக்காரர்களுக்கு அந்தக் கூடுதல் மணிகள் என்ன பாடு என்பது உடன் போனவர்களுக்குத் தெரியும்.

எனவே, போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். வானில் இருக்கும் நேரம் மட்டுமா, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்த்தியா என்று சொல்லுங்கள். அந்த இரு ஊர்களுக்கிடையே நேரடி விமானமே இல்லையென்றால் அதை மேலேயே எழுதுங்கள். மதுரை–டொராண்டோ என்று தட்டினாலும் ஒரு நேரம் வந்து விழுகிறதே, அதில் ஏறியவர் எவருமில்லை. விமான நிறுவனங்களின் கால அட்டவணை ஒளித்து வைத்த சரக்கல்ல, எடுத்துச் சேர்க்கலாம். அது முடியாது என்றால், ‘இது வெறும் வகுத்தல் கணக்கு’ என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் ஒரு வரி எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் விளம்பரத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒருவன்