மின்விசிறி பழுதுபார்க்க வந்த அன்பருக்கு நன்றி

ஜெபமாலை மாதமான கடந்த அக்டோபரில், எங்கள் கத்தோலிக்க நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் நண்பகல் 12 மணிக்கு மூவேளைச் செபத்தை முடித்து ஜெபமாலையைத் தொடங்கியபோது, ஒரு மாணவியின் கையிலிருந்த, அவளுடைய பாட்டி விட்டுச்சென்ற ஜெபமாலை அறுந்து மணிகள் தரையெங்கும் சிதறின. அழுத பிள்ளையைத் தேற்றுவதா, சிரித்த பையன்களை அடக்குவதா என்று நான் திகைத்து நின்ற வேளையில், அடுத்த அறையில் மின்விசிறியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தாங்கள், நெற்றித் திருநீறு வியர்வையில் கரைய வந்து, பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து மணிகளைப் பொறுக்கினீர்கள். அருள்நிறை மந்திரத்துக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6 என மொத்தம் 59 மணிகள் என்று பிள்ளைகள் சொல்ல, 58தான் தேறியது. அதோடு விடாமல், கதவிடுக்கில் சிக்கியிருந்த கடைசி மணியையும் குறடால் இழுத்தெடுத்து, மெல்லிய செம்புக் கம்பியில் எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தீர்கள்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு வேற்று இனத்தவர் ஒருவர் உதவியதாக இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையைப் பல ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பில் நடத்துகிறேன். மறுநாள் அதை நடத்தியபோது பிள்ளைகள் உங்களைப் பற்றியே பேசினார்கள். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது என் பிழை. மனமார்ந்த நன்றி, ஐயா. தாங்கள் மறந்துவிட்டுப் போன குறடு தலைமையாசிரியை அறையில் பத்திரமாக இருக்கிறது.