மண்டபத்துச் சுவரில் மீன் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு

டெல்டா மாவட்டங்களில் திருமண மண்டபம், ஓட்டல், மருத்துவமனை, பெரிய வீடு என்று கட்டிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும், அவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் என்ஜினியர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடமாக மீன் தொட்டி கட்டுகிறேன். கட்டிக் கொடுத்ததை வாரா வாரம் போய்க் கழுவுவதும் நான்தான். முன்பெல்லாம் மூன்றடித் தொட்டி, நாலு தங்கமீன், ஒரு ஏர் பம்ப், அவ்வளவுதான் கேட்பார்கள். இப்போது செல்போனில் துபாய் மாலில் இருக்கும் ராட்சத மீன் தொட்டியின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பூச்சு வேலை முடிந்து, ஃபால்ஸ் சீலிங்கும் போட்ட பிறகு, "சுவரில் இடம் விட்டிருக்கோம், வந்து தொட்டியை உட்கார வைங்க" என்று கூப்பிடுகிறீர்கள். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவருக்குள் எட்டடித் தொட்டி, உள்ளே நாற்பது கோய் மீன்கள். தொட்டியின் வாய்க்கும் மேலே இருந்த பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். என் கை முழங்கை வரை போகும், அதற்கு மேல் போகாது. வைகாசி முகூர்த்தம் முடிந்த ராத்திரி, வழக்கம்போல வாட்ச்மேன் மெயினை அணைத்துவிட்டுப் படுத்தார். தொட்டியின் பம்ப்பும் அதே லைனில் இருந்தது அவருக்குத் தெரியாது. நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. மெயினைப் போட்டும் பம்ப் ஓடவில்லை. எனக்கு போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. அந்த மனிதர் ஸ்டூல்மேல் நின்றுகொண்டு, சமையல்கட்டுச் செம்பை அந்த ஒரு சாண் இடைவெளியில் விட்டு, தண்ணீரை மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். காற்று கலக்கட்டும் என்று இரண்டு மணி நேரமாக அதையே செய்திருக்கிறார். சட்டை முழுக்க ஈரம். பிழைத்தவை ஏழு மீன்கள்.

இதில் அவர்மேல் என்ன தப்பு? தொட்டிக்குத் தனி லைன் இழுத்து, அதை இன்வெர்டரில் சேர்த்திருக்க வேண்டும். மேலே குறைந்தது இரண்டடி இடம் விட்டிருக்க வேண்டும், பின்பக்கம் ஆள் நுழைய ஒரு கதவு வைத்திருக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடு கூடப் போட்டிருந்தால் போதும்.

துபாய் படத்தைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2008-ல் திறந்த அந்தத் தொட்டியில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதைத் தாங்கும், கண்ணாடிபோலத் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக் பலகையின் கனம் 75 சென்டிமீட்டர். ஜப்பானில் ஒகினாவாவின் சுராஉமி மீன் காட்சியகத்தில் திமிங்கலச் சுறா நீந்தும் தொட்டிக்கு 60 சென்டிமீட்டர். நம் ஊரில் 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் அந்த உயரத்தைக் கேட்டால் எப்படி முடியும்? தண்ணீரின் அழுத்தம் நீளத்தைப் பொறுத்தது இல்லை, ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் கண்ணாடியின்மேல் விழும் மொத்தத் தள்ளு நாலு மடங்காகும். எடையையும் பாருங்கள். எட்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டியில் சுமார் 900 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கூழாங்கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். 60 கிலோ நெல் மூட்டை பதினேழு, பதினெட்டை மாடியில் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அடுக்கி வைப்பதற்குச் சமம். மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெர்லினில் ஒரு ஓட்டல் முகப்பில் நாலைந்து மாடி உயரத்துக்கு உருளைத் தொட்டி ஒன்று இருந்தது. பத்து லட்சம் லிட்டர் கடல்நீர், சுமார் 1,500 மீன்கள், நடுவில் மேலேறிப் போக லிஃப்ட். 2022 டிசம்பர் 16 அன்று விடியும் முன்னே அது வெடித்து, தண்ணீர் தெரு வரை பாய்ந்துவிட்டது. இரண்டு பேருக்குக் காயம். மீன்களில் ஏறக்குறைய எல்லாமே செத்துவிட்டன. உறுதியான காரணம் இதுதான் என்று விசாரணையிலும் சொல்ல முடியவில்லை. அது பகலில், கூட்டம் இருக்கும் நேரத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அதற்குப் பதில் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனைப் பாருங்கள். அங்கே ஜப்பானியக் கலைஞர் தகாஷி அமானோ 2015-ல் ஒரு நன்னீர்த் தொட்டி அமைத்தார். நீளம் மட்டும் 40 மீட்டர், கொள்ளளவு 1,60,000 லிட்டர். உயரத்தைக் காட்டி அசத்தவில்லை. கல், மரக்கட்டை, பச்சைச் செடி, அதனூடே கூட்டமாகப் போகும் சின்னச் சின்ன மீன்கள். ஆற்றங்கரையில் நடப்பதுபோலப் பக்கவாட்டில் நடந்துகொண்டே பார்க்கும்படி கட்டியிருந்தார். அந்த வருடமே அவர் காலமாகிவிட்டார். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் நான் தொட்டி கட்டும் விதத்தையே அது மாற்றிவிட்டது.

நம் வெயிலுக்கும் தாழ்வான, அகலமான தொட்டிதான் சரி. தண்ணீர் சூடாக ஆகக் காற்று கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மேல்பரப்பு அகலமாக இருந்தால்தான் காற்று இறங்கும். ஒல்லியான கண்ணாடித் தூணும் உருண்டைக் கிண்ணமும் மீனுக்கு மூச்சுமுட்டும் இடங்கள். வாஸ்துப்படி ஈசானிய மூலையில் வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் காலை வெயில் நேராக விழாமல் மறையுங்கள். இல்லையென்றால் பத்து நாளில் பாசி கட்டிவிடும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. மன்னார்குடி ஹரித்ராநதிக் குளத்துக்கோ திருவாரூர் கமலாலயக் குளத்துக்கோ போய்ப் பாருங்கள். அகலமான நீர்ப்பரப்பு, இறங்கப் படி, தண்ணீர் வர ஒரு வழி, வடிய ஒரு வழி. கடைசிப் படியில் உட்கார்ந்து பொரி போட்டால் மீன்கள் கைக்குக் கீழே வந்து மொய்க்கும். தண்ணீரையும் மீனையும் மனிதர்களையும் சேர்த்து வைத்துக் கட்டத் தெரிந்த ஊர் இது.

அப்புறம், உள்ளே விடும் மீன். எல்லோரும் அரோவானா, ஃப்ளவர்ஹார்ன் என்றுதான் கேட்கிறீர்கள். என் கடையில் ஐந்தடித் தொட்டி ஒன்றில் வாய்க்கால் மணலைப் போட்டு, கெண்டைப்பொடியும் அயிரையும் விட்டிருக்கிறேன். அயிரை மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருக்கும். இரை விழுந்ததும் மணல் புகைந்து ஆள் வெளியே வருவார். போன ஆடியில் பேத்தியோடு வந்த ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். "ஏ தம்பி, இது நம்ம வாய்க்கா அயிரைல்ல?" என்றார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, எந்த மடையில் எப்போது வலை வைப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அயிரையைக் குழம்பில் மட்டுமே பார்த்திருந்தாள்.

அருளியஸ் பார்ப் என்று வெளிநாட்டில் ஆசையாக வளர்க்கிறார்களே, அது நம் காவிரித் தண்ணீரின் மீன். 1849-லேயே ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். ஆண் மீன் வளர வளர முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீளும். ஆற்றில் குறைந்துவரும் மீன் என்பதால், பண்ணையில் குஞ்சு பொரித்ததை மட்டுமே வாங்க வேண்டும். பத்துப் பதினைந்தைச் சேர்த்து விட்டால் எந்த அரோவானாவும் தராத அழகு.

கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், தொட்டிப் பாசியைச் சப்பும் டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது என்று அரசலாற்றிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன், நம் தண்ணீரில் நன்றாகவே பிழைத்துக்கொள்ளும், நம் மீன்களுக்குத்தான் இடம் இல்லாமல் போகும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை நம் குளங்களை எப்படி நிறைத்துவிட்டது என்று பார்க்கிறோமே. வேண்டாமென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், அல்லது எந்தக் கடையிலாவது கொடுத்துவிடுங்கள்.

வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே ஒரு தொட்டிக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து ஊரில் யாராக இருந்தாலும் சரி. கண்ணாடியின் அடிப்பக்கம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் முன்னால் ஒரு படி கட்டுங்கள். முகூர்த்த நாளில் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்க்கும் பிள்ளைகள் அதில் ஏறி நிற்கட்டும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு மீன் தொட்டிக்காரன்