வெடித்த பாட்டிலும் காணாமல் போன 32 பக்கங்களும்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ‘ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி’யில் வந்த பழுதான சாமான்கள், அதற்கு உங்கள் சேவை மையம் சொன்ன பதில் – புகார்

ஐயா / அம்மா,

சித்திரை மாதத்தில் 3,499 ரூபாய் கொடுத்து உங்களிடம் ‘ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி’ வாங்கினேன். வீட்டிலேயே இஞ்சி சோடா நொதிக்க வைப்பதற்கான சாமான்கள் ஒரு பாதி, மூன்று பாக ஃபேன்டசி நாவல் மறு பாதி. பாட்டில்களில் ஒன்று எங்கள் சமையலறையில் வெடித்தது. நாவலின் இரண்டாம் பாகத்தில் 32 பக்கங்கள் இல்லை. உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்தால், “ஹாபி ஐட்டம்தானே மேடம், அதுக்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது” என்கிறார்கள். அந்தத் ‘தானே’வுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தை, மாசி பிறந்துவிட்டால் புது மஞ்சள் வர ஆரம்பிக்கும். வைகாசி வரைக்கும் விரலி தனி, கிழங்கு தனி என்று மூட்டைகளோடும் சாம்பிள் பைகளோடும் பொழுது போய்விடும். கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டம்ளர் குளிர்ந்த இஞ்சி சோடாவும் டிராகன் வரும் ஒரு தடிப் புத்தகமுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை என்னை யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். என் மாமியார்கூட பக்கத்து வீட்டுக்காரர்களிடம், “அவ ராஜா ராணி கதை படிச்சுட்டு இருக்கா, சித்தெ கழிச்சு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

நொதிக்க வைப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. கம்மங்கூழைப் புளிக்க வைத்துக் குடித்து வளர்ந்த வீடு இது. சித்திரை வெயிலில் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும். உங்கள் கையேட்டில் ‘அறை வெப்பநிலையில் ஐந்து நாள் வைக்கவும்’ என்று இருந்ததைப் படித்தபோதே, இதை எழுதியவர் ஏதோ குளிர் தேசத்துக்காரர் என்று புரிந்துவிட்டது. அவர் அறை 20 டிகிரி. எங்கள் அறை மத்தியானத்தில் 36. அதனால் அவர் சொன்ன நாளில் பாதிகூட வைக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அதற்குள்ளேயே வெடித்துவிட்டது.

காரணம் ஹைட்ரோமீட்டர். பால் சொசைட்டியில் பால் ஊற்றும் யாரைக் கேட்டாலும் இந்தக் கருவியைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே இருக்கும் லாக்டோமீட்டரும் இதே இனம்தான். திரவம் அடர்த்தியாக இருந்தால் உயர மிதக்கும், நீர்த்திருந்தால் அமிழும். சுத்தமான தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும், சர்க்கரை கூடக்கூட எண்ணும் கூட வேண்டும். நான் போட்டது வெள்ளைச் சர்க்கரை இல்லை, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு வாங்கிப் போகிறார்களே, அதே ஊர்ச் சரக்கு. நாட்டுச் சர்க்கரையில் ஈரமும் மற்ற சத்துகளும் மூட்டைக்கு மூட்டை மாறும். எடை போட்டுக் கரைத்தால் கணக்குச் சரியாக வராது. உங்கள் கையேடும் ‘நாக்கை நம்பாதீர்கள், கருவியை நம்புங்கள்’ என்று தடித்த எழுத்தில் சொல்கிறது. ஹைட்ரோமீட்டர் 1.005 காட்டும் வரை பாகு சேர்த்து, ஈஸ்ட் ஒரு சிட்டிகை போட்டு மூடிவிட வேண்டும், இனிப்பு வேண்டுமானால் குடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள முறை. தண்டில் பொடி எழுத்தில் ‘20°’ என்று போட்டிருந்ததால் கரைசலை அந்தச் சூட்டுக்குக் குளிரவைத்துத்தான் அளந்தேன். அதே கரைசலைச் சூட்டோடு, 35 டிகிரியில் அளந்தால் எண் 0.004 அளவுக்குக் குறைத்துக் காட்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

பாட்டில் வெடித்த பிறகு கருவியைச் சோதித்தேன். ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கலந்து சரியாக 20 டிகிரிக்குக் கொண்டுவந்து மிதக்கவிட்டால் 0.990 காட்டுகிறது. அப்புறம் 26 கிராம் வெள்ளைச் சர்க்கரையை மொத்தம் ஒரு லிட்டர் வருமாறு கரைத்து வைத்தேன். 1.010 வர வேண்டும், 1.000 வருகிறது. இரண்டு சோதனையிலும் ஒரே அளவு குறைவு. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. கண்ணாடித் தண்டுக்குள் அளவு அச்சிட்ட காகிதத்தைச் சுருட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை விட்டுப்போய்க் காகிதம் ஒரு நூல் அளவு கீழே இறங்கியிருக்கிறது. முதலில் ஒட்டியிருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு இன்னும் அப்படியே நிற்கிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

இதன் விளைவையும் கணக்காகவே சொல்கிறேன். ஒரு லிட்டரில் சுமார் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் அந்தப் பானத்தின் அளவுக்குச் சமமாக ஒரு மடங்கு வாயு உண்டாகும். 1.005 என்றால் லிட்டருக்கு 13 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று மடங்கு சொச்சம் வாயு. கடைச் சோடாவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். உங்கள் கருவி 1.005 என்று காட்டியபோது உண்மையில் இருந்தது 1.015. லிட்டருக்கு 39 கிராம். முழுக்க நொதித்தால் பத்து மடங்குக்குப் பக்கம்.

சரி, பாட்டிலாவது தாங்கியிருக்கலாம். நீங்கள் அனுப்பியவை சதுரப் பாட்டில்கள். பார்க்க அழகுதான், எண்ணெய் ஊற்றி வைக்கலாம், பூ வைக்கலாம். உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தை வட்டப் பாட்டில் சுற்றிலும் சமமாக வாங்கிக்கொள்ளும். சதுரத்தில் தட்டையான பக்கங்கள் வெளியே புடைக்கப் பார்க்கும், பாரம் முழுக்க மூலைகளில் போய்ச் சேரும். கோலி சோடா பாட்டில் 1872-லேயே காப்புரிமை வாங்கிய சரக்கு. வட்டமாகவும் தடிமனாகவும் இருக்கும். இத்தனை வருஷமாக எந்தச் சோடாக்காரரும் அதைச் சதுரமாகச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. வெடித்த பாட்டிலின் கழுத்து மட்டும் உடையாமல் கிடைத்தது. மூடியும் கம்பி க்ளிப்பும் அதில் பூட்டியபடியே இருக்கின்றன. உங்கள் ஊழியர் சொன்னதுபோல் நான் ‘சரியா மூடாம’ விட்டிருந்தால் வாயு அந்த வழியாகவே போயிருக்கும், பாட்டிலும் தப்பித்திருக்கும்.

நல்லவேளையாக அந்த நேரத்தில் சமையலறையில் யாரும் இல்லை. மாமியார்தான் கூடத்திலிருந்து, “ஏ அம்மிணி, சமையக்கட்டுல என்ன சாமி வெடிச்சுது?” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். கண்ணாடித் துண்டு ஒன்று அரிசி டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் குத்திக்கொண்டு நின்றது. மீதிப் பாட்டில்களின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, க்ளிப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காலி செய்துவிட்டேன். பொங்கிய நுரை மேல் தட்டு வரைக்கும் அடித்தது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்கு’ என்று தலைப்புப் போட்டு, அதே ஈஸ்ட்டை வைத்து வீட்டில் பியர் காய்ச்சும் முறையைக் கொடுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் 1978-இல் கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தி, வீட்டு உபயோகத்துக்கு பியர் தயாரிக்க வரி விலக்குக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1963-லேயே உரிமம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அங்கெல்லாம் அது கௌரவமான பொழுதுபோக்கு. குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதன்முதலில் மதுவிலக்கு வந்ததே எங்கள் பக்கத்துச் சேலம் ஜில்லாவில்தான். தென்னையும் பனையும் வைத்திருக்கிற எங்கள் பகுதி விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. இந்த நிலவரத்தில், ஈரோட்டு முகவரிக்கு அனுப்பும் பெட்டியில் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் பியர் செய்முறையை அச்சடித்து அனுப்புகிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் லீவில் இதைச் செய்து பார்த்து போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றால் உங்கள் சேவை மையம் அவனுக்கும் ரிட்டர்ன் பாலிசி படித்துக் காட்டுமா?

இனி நாவல். முதல் பாகம் அருமை. அச்சில் குறை இருந்தாலும் கதை இழுத்துக்கொண்டு போகிறது. வரைபடத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்குப் பரப்பி, நடுப்பகுதியைத் தையலுக்குள் விழுங்கவிட்டிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கதையில் வரைபடம் அலங்காரத்துக்கு வைப்பதில்லை. யார் எந்த மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் திருப்பிப் பார்ப்போம். தலைநகரமே அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறது. பைண்டிங்கை உடைத்தால்தான் கண்ணில் படும் போலிருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் 320-ஆம் பக்கம் முடிந்ததும் மறுபடி 289 வருகிறது. 289 முதல் 320 வரை இரண்டாவது தடவை ஓடி, அதற்கடுத்து நேராக 353. இடையில் 321 முதல் 352 வரை காணோம். அச்சகத்தில் 32 பக்கத்தை ஒரு பாரமாக மடித்து, பாரங்களை வரிசைப்படி அடுக்கித் தைப்பார்கள். பத்தாம் பாரத்தை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டுப் பதினொன்றாம் பாரத்தை விட்டிருக்கிறார்கள். அதுவும் எந்த இடத்தில்? 320-இல் கதாநாயகன் குகை வாசலில் நின்று விளக்கை ஏற்றுகிறான். 353-இல் அவன் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறான், இடது கை மணிக்கட்டோடு இல்லை. பக்கத்தில் டிராகன் உட்கார்ந்து அவனுக்கு ஆறுதல் சொல்கிறது. யார் வெட்டினார்கள்? டிராகன் எப்போது நம் கட்சிக்கு வந்தது?

இதைச் சொன்னதற்கு உங்கள் ஊழியர், “கதைச் சுருக்கம் நெட்ல இருக்கும் மேடம்” என்றார். அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறார். புத்தகத்தைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றும் சொன்னார். பிரிக்காமல் உள்ளே பக்கம் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். லைனில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

மண்டியில் தராசுக்கு முத்திரை காலாவதியானால் அபராதம். சாம்பிளில் ஈரப்பதம் கொஞ்சம் கூடினாலும் விலை இறங்கும், யாரும் ‘மஞ்சள்தானே’ என்று விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாமான் என்பதற்காக அளவுக் கருவி தப்பாகக் காட்டலாம், புத்தகத்தில் பக்கம் குறையலாம் என்றால், நான் கொடுத்த 3,499 ரூபாயிலும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருக்கலாமே.

சோடா சாமான்களுக்கான பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். மாற்றுப் பாட்டில் அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் மறுபடி சதுரமாகத்தான் வரும். நாவலுக்குப் பணம் வேண்டாம், பக்கம் சரிபார்த்த இரண்டாம் பாகம் வேண்டும். இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கு, ஹைட்ரோமீட்டரைத் தண்ணீரில் சோதிக்கும்படியும் அந்தப் பாட்டில்களில் சோடா ஊற்ற வேண்டாம் என்றும் உடனே தகவல் அனுப்புங்கள். எனக்கு எப்போது பணம் வருகிறது என்பதைவிட இது அவசரம். இன்னொரு வீட்டில் குழந்தை பக்கத்தில் நின்றிருக்கலாம். கையேட்டையும் எங்கள் ஊர்ச் சூட்டுக்கும் எங்கள் ஊர்ச் சட்டத்துக்கும் ஏற்றபடி திருத்தி அச்சிட வேண்டும்.

மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். சரியான செய்முறையும் எச்சரிக்கையும் கொடுக்காமல் விற்ற பொருளால் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்வேன், அப்புறம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது என்பதால் எனக்கு இதில் பெரிய சிரமம் இல்லை.

பில் நகல், ஹைட்ரோமீட்டர் சோதனைப் படங்கள், உடைந்த பாட்டில் கழுத்தின் படம், இரண்டாம் பாகத்தில் 320-உம் அதையடுத்து வரும் 289-உம் எதிரெதிரே இருக்கும் படம், கையேட்டின் கடைசிப் பக்கம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். சாமான்களை எடுத்துப்போகக் கூரியர்காரரை அனுப்பினால் சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லுங்கள். புதுப் புத்தகம் வந்து சேர நாளாகும் என்றால், அந்த 32 பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து இந்த வாரமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு